வரிசைப் பேர்

மேல வெக்க வேணாம் தம்பி, மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் ரெண்டு தடவை சொல்லிட்டார், "பெருசு, கேரியர்ல போடுங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு. அவருக்கென்ன, சொல்லுவார். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னவங்க பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த நெலமைக்கு வந்திருக்கேன்.

சாப்பாடு இல்ல தம்பி. டிபன் டப்பாதான், ஆனா உள்ள சாப்பாடு இல்ல. ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர்ல இருக்குமே, அது. அதிரக் கூடாதுன்னு துண்டுல சுத்தி டப்பாவுல வெச்சிருக்கேன். மெட்ராஸ்ல ஒரு கடை இருக்கு, அழிஞ்சு போனதையெல்லாம் எடுத்துத் தர்றாங்களாம். வரும்னும் சொல்லலை, வராதுன்னும் சொல்லலை. "கொண்டு வாங்க சார், பாக்கலாம்"னாங்க. ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் சொன்னாங்க, "பாக்கலாம், பாக்கலாம்"னு. அது வேற கதை.

இதுல இருக்கறது வேற எங்கயும் இல்ல தம்பி. இது போச்சுன்னா போச்சு.

நான் தஞ்சாவூர். ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவுல சிஸ்டம் பாக்கறேன். பஞ்சநாதன்னு முதலாளி. நல்ல மனுஷன். அவர்தான் அனுப்பி வெச்சார். ஆபீஸ் வேலையாத்தான் போறேன்.

முன்னெல்லாம் கேசட்டு. அப்புறம் சிடி. இப்ப ஒரு கல்யாணம்னா நாலு கேமரா, மேல பறக்கறது ஒண்ணு. பொண்ணு மருதாணி வெக்கறதுலேர்ந்து மாப்பிள்ளை ஏப்பம் விடற வரைக்கும் எடுத்துடறாங்க. அதையெல்லாம் எங்க போட்டு வெக்கறது? முதலாளி ஒரு மெஷின் வாங்கிட்டு வந்தார், பழசுதான், யாரோ கம்பெனிக்காரங்க கழிச்சு விட்டது. பீரோ உயரம். வரிசையா அறை அறையா இருக்கும், ஒவ்வொரு அறையிலயும் ஒரு டிஸ்க்கை சொருகலாம். "சோமு, இது இனிமே உன் பொறுப்பு"ன்னுட்டார்.

டிஸ்க்கை சொருகிட்டா மட்டும் ஆச்சா? ஆகாது. அதைக் கூப்பிட மெஷினுக்குள்ள ஒரு பேர் வேணும். பேருக்கு ஒரு ஃபைல். டிவைஸ் ஃபைல்னு பேரு. அதைத் திறந்து பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் பேர்தான். ஆனா அந்தப் பேருக்கு எதை அனுப்பினாலும் நேரா அந்த டிஸ்க்குக்குப் போய்ச் சேரும். வீட்டுக்கதவு நம்பர் மாதிரி வெச்சுக்கங்களேன். கதவுல நம்பர் இருக்கு, உள்ள யாரு குடியிருக்கான்னு நம்பருக்குத் தெரியுமா? தெரியாது.

இந்த மெஷின் பழசா, அதுல கொஞ்சம் பேர்தான் தயாரா இருந்துச்சு. எங்க டிஸ்க்கு அதைவிட அதிகம். மிச்சத்துக்கெல்லாம் நான்தான் உக்காந்து ஒவ்வொண்ணா உண்டாக்கினேன். மொத டிஸ்க்குக்கு ஏ. அடுத்தது பி. அப்படியே சி, டி. கடைசியில டபிள்யூ வரைக்கும் போச்சு. ஒவ்வொரு அறைக் கதவுலயும் எழுத்தை அச்சடிச்சு ஒட்டினேன். ரேஷன் கடை வரிசைகூட அவ்வளவு ஒழுங்கா இருக்காது. முதலாளி வந்து பாத்துட்டு, "சோமு, நீ மிலிட்டரியில இருந்திருக்க வேண்டிய ஆளு"ன்னார்.

ஏன் வரிசைப்படி வெச்சேன்னு கேக்கறீங்களா? எப்படி வெப்பாங்க பின்ன? எங்க வீட்லயே நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ரெண்டு பொண்ணுங்க. பெரியவ, சின்னவ. அவ்வளவுதான். பேரெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும். சம்சாரத்தை "இந்தா"ம்பேன், திரும்பிப் பாப்பா. ஆஸ்பத்திரியில பேஷண்ட் பேரைக் கேட்டப்ப எனக்கு ஒரு நிமிஷம் நாக்கு வரலை தம்பி. மறந்து போகலை. வாயில வந்து பழக்கமில்ல.

அப்ப பெரியவ வீட்லதான் இருந்தா. கம்ப்யூட்டர்தான் படிச்சா அவளும். நான் சாப்பிட்டுக்கிட்டே இந்த மெஷினைப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கேன், கேட்டுக்கிட்டிருந்தவ சொல்றா, "அப்பா, வரிசைப்படி பேர் வெக்காதீங்க. எது மொதல்ல நிக்குதோ அதைத்தான் மெஷின் 'ஏ'ன்னு சொல்லும். இடம் மாறினா பேரும் மாறிடும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ளயே அதுக்குன்னு ஒரு பேர் எழுதி வெச்சுடுங்க. அப்புறம் எங்க கொண்டுபோய் சொருகினாலும் அது அதுதான்."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நான் சிஸ்டம் பாக்க ஆரம்பிச்சப்ப இவ பொறக்கவே இல்ல. "வரிசைன்னு ஒண்ணு இருக்கும்போது தனித்தனியா பேர் எதுக்குடி?"ன்னேன். அவ அம்மாவைப் பாத்தா. அவ அம்மா எனக்கு ரசம் ஊத்தினா. அதோட பேச்சு முடிஞ்சுது.

அந்த வருஷமே பெரியவ போயிட்டா. செத்துப் போகலை தம்பி, ஐயோ, நல்லாத்தான் இருக்கா. ஓசூர்ல இருக்கா. கூடப் படிச்ச பையன். நம்ம ஆளுங்க இல்ல. முடியாதுன்னேன். சரின்னு சொல்லிட்டுப் போய் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டா. கத்தலை, அழலை. அவ கத்தியிருந்தாலாவது நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். ஒண்ணும் பண்ண முடியலை.

இந்த மெஷின்ல எனக்குப் புடிக்காத குணம் ஒண்ணு இருக்கு, சொல்றேன் கேளுங்க. மொத டிஸ்க்கைக் கழட்டிட்டு மெஷினைப் போடுங்க, ரெண்டாவதா இருந்ததைத் தூக்கி மொதல்ல வெச்சுரும். நேத்து வரைக்கும் பியா இருந்தது இன்னைக்கு ஏ. கழட்டினது எங்க போச்சு, என்ன ஆச்சு, ஒரு வார்த்தை கேக்காது. இடம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அதுக்கு. ஈவு இரக்கமே கெடையாது. மெஷின்தானே, மனசா இருக்கு அதுக்கு?

சின்னவ எங்கூடத்தான் இருக்கா. பேங்க்குல வேலை. தங்கமான பொண்ணு. வீட்ல இருக்கறதுல அவதானே இப்ப மூத்தவ, அதனால அவளை "பெரியவளே"ன்னுதான் கூப்பிடறேன். மொதல்ல கொஞ்ச நாள் திரும்பிப் பாக்க மாட்டா. காது கேக்கலையோன்னு நெனச்சேன். அப்புறம் பழகிட்டா. போன்லயும் அப்படித்தான் மாத்தி வெச்சிருக்கேன். பழைய பெரியவ நம்பரையும் அழிச்சுடலாம்னுதான் பாத்தேன், எப்படி அழிக்கறதுன்னு தெரியலை. இத்தனை வருஷம் சிஸ்டம் பாக்கறவனுக்கு போன்ல ஒரு பேரை அழிக்கத் தெரியலையான்னு சிரிக்காதீங்க. இந்த போனு வேற மாதிரி.

எம் பொண்டாட்டிக்குத்தான் ஒத்துக்கலை. அவ என்னைக் கூப்பிடறதுன்னா பெரியவ பேரைச் சொல்லி அதோட "அப்பா"ன்னு சேத்துக் கூப்பிடுவா. கல்யாணமான புதுசுல "இந்தாங்க"ன்னா. புள்ள பொறந்ததுலேர்ந்து அந்தப் பேரு அப்பாதான் நான். "அந்தப் பேரு இந்த வீட்ல இனிமே கேக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டேன் நான். "அப்ப உங்களை எப்படிக் கூப்பிடறது?"ன்னா. "அது உன் பாடு"ன்னேன்.

அதுக்கப்புறம் அவ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடலை தம்பி. சண்டையெல்லாம் இல்ல. சமைப்பா, துவைப்பா, மாத்திரை எடுத்துக் குடுப்பா. சாப்பாடு ஆயிடுச்சுன்னா தட்டை எடுத்து டங்குனு தரையில வெப்பா. அந்த சத்தம் கேட்டா என்னைக் கூப்பிடறான்னு அர்த்தம். நானும் போய் உக்காந்துக்குவேன். பழகிடுச்சு. எல்லாமே பழகிடுது இல்ல?

போன பங்குனியில அவ போயிட்டா. காய்ச்சல்னு கூட்டிட்டுப் போனோம். பாக்கலாம், பாக்கலாம்னாங்க.

பெரியவ வந்திருந்தா, புருஷனோட. வாசல்ல நின்னா. நான் வான்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை. உள்ள வந்து அவ அம்மா கால்மாட்டுல உக்காந்துக்கிட்டா. குளிப்பாட்ட எடுக்கற நேரம், ஒரு சொம்பு வேணும், நான் ஏதோ நெனப்புல "பெரியவளே, அந்தச் சொம்பை எடு"ன்னேன். ரெண்டு பேரும் எந்திரிச்சாங்க தம்பி. ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னு என்னையே பாக்கறாங்க. ஊர் சனம் முழுக்கப் பாக்குது. நானே போய் எடுத்துக்கிட்டேன்.

சரி, அதை விடுங்க. டிஸ்க்குக்கு வர்றேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜை. எங்க ஸ்டூடியோவுல விமரிசையா நடக்கும். கேமரா, லைட்டு, ஸ்டாண்டு, எல்லாத்தையும் தொடச்சு பொட்டு வெச்சு அடுக்குவாங்க. எடிட்டிங் பாக்கற பொண்ணு மெர்லின். ரெண்டு புள்ளைக்குத் தாய். வேதக்கார பொண்ணுதான், ஆனா ஆயுத பூஜைன்னா அதுதான் முன்ன நிக்கும். வேலையில அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தந்தான் என் உசுரை எடுத்துடுச்சு. மெஷினை நிறுத்திட்டு நான் பொரி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கேன். அது என்ன பண்ணியிருக்கு, எல்லா டிஸ்க்கையும் கழட்டி, தூசி தட்டி, தொடச்சு, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் வெச்சு குங்குமம் வெச்சு, திரும்பச் சொருகியிருக்கு.

நான் திரும்பி வந்தப்ப பாக்கணும் நீங்க. அவ்வளவு லட்சணமா இருந்துது. டிஸ்க்கு மேல கம்பெனிக்காரன் அச்சடிச்சிருந்த எழுத்தெல்லாம் சந்தனத்துக்கு அடியில போயிடுச்சு. அதனால என்ன, என் எழுத்துத்தான் அறைக்கதவுல இருக்கேன்னு இருந்துட்டேன். நான் எழுத்தை ஒட்டினது கதவுல. டிஸ்க்குல இல்ல.

கடைசி அறையில, டபிள்யூவுல, புதுசா வாங்கின டிஸ்க் இருந்துச்சு. காலி டிஸ்க். பூஜை முடிஞ்சதும் அதைத் தயார் பண்ணி ஐப்பசி முகூர்த்தத்துக்கு எடுத்துக்கணும். மெர்லின் அதைப் பாத்திருக்கு. புதுசு, பளபளன்னு இருக்கு, பூஜை நாளும் அதுவுமா புதுசு மொதல்ல இருந்தா நல்லதுன்னு அதை எடுத்து மொத அறையில வெச்சு, எலுமிச்சம்பழமும் வெச்சிருக்கு. மொத அறையில இருந்த பழசைக் கொண்டுபோய்க் கடைசியில சொருகியிருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. சொல்லணும்னு அதுக்குத் தெரியாது. வெளக்கை இடம் மாத்தி வெச்சா சொல்லிட்டா வெப்பாங்க?

மறுநாள் மெஷினைப் போட்டேன். ஏ, பி, சின்னு வரிசையா எல்லாம் எந்திரிச்சுது. டபிள்யூவைத் தயார் பண்ணுன்னு சொன்னேன். தயார் பண்றதுன்னா உள்ள இருக்கறதை வழிச்சுக் கழுவி விடறது. அது கேட்டுச்சு, "உள்ள ஏதோ இருக்கு, அழிக்கலாமா?"ன்னு. அது எப்பவும் அப்படித்தான் நைநைன்னு எதையாவது கேக்கும். படிக்கக்கூட இல்ல. அழின்னு தட்டிட்டேன். அதோட விட்டேனா? ரெண்டு முகூர்த்தத்து வீடியோவை அதுமேல எழுதியும் வெச்சுட்டேன். அப்புறம் ஒரு நாள் ஏவைத் திறந்தப்பத்தான் அது காலியா இருக்கறது தெரிஞ்சுது.

நான் யாரைச் சொல்றது தம்பி? மெர்லினைத் திட்டினேன், அழுதுது. அதுவும் பாவம். பூஜையைத் திட்ட முடியுமா? மெஷினைத் திட்டினேன். என் மேல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க? நான் வரிசையாத்தானே வெச்சேன்.

அதுல இருந்ததெல்லாம் முன்னமே பார்ட்டிங்களுக்குக் குடுத்த வீடியோதான். மூணு வருஷத்துக்கு முந்தினது. யாரும் கேக்கப் போறதில்லன்னு நானும் பேசாம இருந்தேன். தீபாவளி கழிச்சு முதலாளி கூப்பிட்டார். கதவைச் சாத்துன்னார். "சோமு, உம் பெரிய பொண்ணு போன் பண்ணுச்சு. கல்யாண வீடியோ கேக்குது. மொத டிஸ்க்குல இருக்கு, ஒரு காப்பி போட்டு அனுப்பு"ன்னார்.

எனக்குப் புரியலை. யார் கல்யாண வீடியோ?

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அந்தக் கல்யாணத்தன்னைக்கு ஒரு கேமராவைக் குடுத்து ஆள் அனுப்பியிருக்கார் எனக்குத் தெரியாம. "என்னை மாமா, மாமான்னு கூப்பிட்ட புள்ள. ஒரு போட்டோவாச்சும் இருக்கட்டும்னு அனுப்பினேன். நீ கோவப்படுவேன்னு வெளியே குடுக்கலை, மெஷின்லயே இருந்துச்சு"ன்னார். மூணு வருஷம் தம்பி. நான் தினம் அந்த மெஷினுக்கு எதுத்தாப்பலதான் உக்காந்து டீ குடிச்சிருக்கேன்.

அது மட்டும்னா பரவாயில்ல. "அம்மா பேசறது அதுலதான் இருக்கு மாமா, திவசத்துக்கு முன்ன ஒரு தடவை கேக்கணும்"னு சொல்லுச்சாம் புள்ள. அம்மாவா? அவ எங்க அங்க வந்தா? முதலாளி என்னைப் பரிதாபமாப் பாத்தார். "வந்திருந்தாங்க சோமு"ன்னார்.

அன்னைக்கு அவ சமயபுரம் போறேன்னுட்டுப் போனா. எனக்கு நல்லா நெனப்பிருக்கு. குங்குமம்கூட கொண்டு வந்து நெத்தியில வெச்சு விட்டா. பொய் சொல்லவே தெரியாதவன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் அவளை.

சாப்பாட்டுப் பந்தியில மைக்கை எல்லார்கிட்டயும் நீட்டியிருக்கான் கேமராக்காரன், வாழ்த்து சொல்லுங்கன்னு. இவகிட்டயும் நீட்டியிருக்கான். இவ பொண்ணுக்கு வாழ்த்து சொல்லலையாம். நேரா கேமராவைப் பாத்து, என்னைக் கூப்பிட்டாளாம். அந்தப் பேரைச் சொல்லி, அப்பான்னு. "'வேணி அப்பா'ன்னு உன்னைத்தான் கூப்பிட்டாங்க சோமு. அப்புறம் ஏதோ சொன்னாங்க"ன்னார் முதலாளி.

என்ன சொன்னா? அவருக்கு நெனப்பில்லையாம். "ஆயிரம் கல்யாணம் பாக்கறேன், எதை ஞாபகம் வெச்சுக்கறது"ங்கறார். கேமராக்காரன் துபாய் போயிட்டான். நான் முதலாளி கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டேன், கோவமாச் சொன்னாளா, சிரிச்சுக்கிட்டு சொன்னாளா, அதையாவது சொல்லுங்கன்னு. "தெரியலையேப்பா"ங்கறார்.

வீட்ல தட்டு சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருந்தேன் நான். அவ அங்க போய் என்னைக் கூப்பிட்டு வெச்சிருக்கா. நான் அதை அழின்னு தட்டிட்டேன்.

பஸ்ஸு இப்படித் தூக்கிப் போடுதே, டிரைவர்கிட்ட கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லக் கூடாதா?

முதலாளி "விடு சோமு, ரெண்டு தடவை மேல எழுதியாச்சு, வராது"ன்னுதான் சொன்னார். நான்தான் லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன். ஆமா, அவர் அனுப்பினார்னு சொன்னேன், சும்மா சொன்னேன். மெட்ராஸ் கடைக்காரர் போன்லயே விவரமாச் சொன்னார். மேல எழுதாம தப்பிச்ச எடத்துல இருக்கறது மட்டும் வரலாமாம். அதுவும் பேரெல்லாம் போயிருக்குமாம். யாரு கல்யாணம், என்ன தேதி, ஒண்ணும் இருக்காது, துண்டு துண்டா வெறும் நம்பரோட வரும். "நீங்கதான் சார் ஒவ்வொண்ணாத் திறந்து, மூஞ்சியப் பாத்து, குரலைக் கேட்டு எது எதுன்னு கண்டுபுடிக்கணும்"னார். கண்டுபுடிச்சுடுவேன். அவ குரல் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் கேட்டிருக்கேன். கடைசி மூணு வருஷந்தான் கேக்கலை.

பெரியவளுக்கு இன்னும் தெரியாது. "உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கேன், எடுத்து அனுப்புவார்"னு முதலாளி சொல்லிட்டாராம். அவ காத்துக்கிட்டிருக்கா. என்னன்னு போய் சொல்றது அவகிட்ட? எப்படி ஆரம்பிக்கறது?

என் போன்தான் அடிக்குது. சட்டைப் பையில இருக்கு, ரெண்டு கையும் டப்பாவுல இருக்கு. கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன், கண்ணாடி பைக்குள்ள மாட்டிக்கிச்சு. யாருன்னு போட்டிருக்கு?

பெரியவளா?

எந்தப் பெரியவ? ரெண்டு இருக்கு தம்பி அதுல. நம்பரைச் சொன்னாலும் எனக்குத் தெரியாது. எனக்கு எந்த நம்பரும் மனப்பாடம் இல்ல. வீட்ல இருக்கறவதான் சாப்பிட்டீங்களான்னு கேக்க இந்த நேரத்துக்குப் பண்ணுவா. அவளாத்தான் இருக்கும். இல்ல, அவளா இருந்தா மத்தியானமே... சரி, அமுக்கிக் காதுல வெயுங்க.

ஹலோ. யாரும்மா? கேக்கலை, பஸ்ல இருக்கேன். ஆங், யாரு?

தம்பி, "பெரியவதாம்பா பேசறேன்"ங்கறா. ரெண்டு பேருக்கும் போன்ல அவ அம்மா குரல்தான். சிரிக்கறதாவும் தெரியலை, அழறதாவும் தெரியலை. "அப்பா, கேக்குதா? பெரியவதாம்பா"ங்கறா திரும்பவும்.

இந்த டப்பாவைக் கொஞ்சம் புடிங்க. ரெண்டு கையாலயும் புடிங்க.

ஹலோ... வேணியா?